தூற்றிக்கொள்பவர் யார்?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நமது பழமொழி. அம்மி பறந்ததை யாரும் கண்டதில்லை. ஆயினும், ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு நாழிகை நின்று பார்த்தவர்கள், பழமொழியில் மிகை கொஞ்சந்தான் என்று ஒப்புக்கொள்வார்கள். மேற்கு மலைத் தொடர் தெற்கே வந்து முடிகிற இடத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. மலைச் சுவரில் மோதித் தடைப்பட்ட தென்மேற்குப் பருவக்காற்று, அந்த இடைவெளியைக் கண்டதும் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே புகுந்து, கிழக்கேயுள்ள வறண்ட பூமியின் மீது பாய்கிறது. செங்கோட்டைக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் இதே விசேஷத்தைக் காணலாம்.

நெடுங்காலம் இந்தக் காற்றினால் ஜனங்களுக்கு உண்டான பிரயோஜனம் களத்தில் நெல் தூற்றுவது ஒன்றேயாகும். மற்றபடி அது வாழையைச் சாய்த்தது, கூரையைப் பிரித்தது, கண்ணில் மண்ணைப் போட்டது. 1986-ஆம் வருஷத்தில் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் சில சிறிய காற்றாலைகளைப் பரீட்சார்த்தமாக நட்டார்கள். ஒவ்வொன்றின் சக்தியும் 55 கிலோவாட். இன்று முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலின் பக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் அந்த வெள்ளைக் கைகள் சுழலுவதைக் காண்கிறோம். தமிழ் நாட்டுக் காற்றாலைகளின் மொத்தச் சக்தி 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நிலக்கரி வேண்டாம், புகை இல்லை, சாம்பல் இல்லை. இந்த அபிவிருத்தியைக் கண்டு மகிழாதவர் நல்ல தேசபக்தராக இருக்க முடியாது. நாமும் மகிழ்கிறோம்.

ஆனால், "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று சொன்ன முன்னோர்கள், தூற்றுகிறவன் யார், நெல் யாருடைய வீட்டுக்குப் போகிறது, பதர் யாருடைய தலையில் விழுகிறது என்ற கேள்விகளை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது நமது தொழிலாகையால், மூன்று கணக்குகளை நேயர்கள் முன் போட்டுக் காட்ட விரும்புகிறோம்.

வரிக் கணக்கு

இந்தக் காற்றாலைகள் யாருடையவை? காற்றடிக்கும் ஊர்க்காரர்களுடையவை அல்ல. பெரும்பாலும் சர்க்காருடையவையும் அல்ல. ஆரம்பத்தில் மின்சார வாரியம் நட்டவை ஏறக்குறைய 120 யந்திரங்களே. அவற்றின் மொத்தச் சக்தி 19 மெகாவாட்டுக்குச் சற்று அதிகம். மற்றவை பெரும்பாலும் நூல் ஆலைகளுக்கும், சிமெண்டுத் தொழிற்சாலைகளுக்கும், கையில் பணமுள்ள கம்பெனிகளுக்கும் சொந்தமானவை.

அவர்கள் ஏன் முன்வந்தார்கள்? ஆலைக்கு மலிவான மின்சாரம் வேண்டியிருந்தது என்பது ஒரு காரணம். வருமான வரி மற்றொரு காரணம். வாங்கிய யந்திரம் தேய்ந்து போவதற்காக வருஷந்தோறும் ஒரு பகுதியை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ள எந்தத் தொழிலுக்கும் சட்டம் இடம் தருகிறது. காற்றாலைக்கு மத்திய சர்க்கார் விசேஷச் சலுகை காட்டினார்கள். 1990-களில் யந்திரத்தின் முழு விலையையும் முதல் வருஷத்திலேயே கழித்துக்கொள்ளலாம். பிறகு அது 100-க்கு 80 ஆயிற்று. 2012-ல் சலுகை நின்றது. 2014-ல் திரும்ப வந்தது. 2017-ல் 40 ஆகக் குறைந்தது.

கணக்கு எளிதாக இருக்கட்டும். ஒரு கம்பெனிக்கு 5 கோடி ரூபாய் லாபம். அதைக் கொண்டு 5 கோடிக்குக் காற்றாலை வாங்குகிறது. 100-க்கு 80 வீதம் 4 கோடி கழிந்துவிடுகிறது. வரி விகிதம் 100-க்கு 30 என்றால், அந்த வருஷத்தில் 1 கோடியே 20 லட்சம் ரூபாய் வரி மிச்சம். பின்வரும் வருஷங்களில் கழிவு குறைந்து வரி கூடுமே என்று கேட்கலாம். வாஸ்தவந்தான். ஆனால் இன்று கட்ட வேண்டியதைப் பல வருஷம் கழித்துக் கட்டுவது வட்டியில்லாத கடனுக்கு ஒப்பாகும். அந்தக் கடனைக் கொடுத்தவர்கள் யார்? தீப்பெட்டி வாங்கும்போதும் வரி செலுத்துகிற மகாஜனங்களே.

இதில் இன்னொரு விநோதமும் இருந்தது. சலுகை யந்திரத்தை நட்டதற்கு. அது சுழன்றதற்கு அல்ல. இந்தக் குறையை உணர்ந்துதான் 2009-ல், உற்பத்தியான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு என்று வேறொரு உதவியை ஏற்படுத்தினார்கள். 2017-ல் ஏலமுறை வந்தபோது, முதல் ஏலத்திலேயே யூனிட் 3 ரூபாய் 46 காசுக்கு விற்கக் கம்பெனிகள் போட்டியிட்டன. பல வருஷங்கள் ஊட்டி வளர்த்த குழந்தை தன் காலில் நிற்கத் தொடங்கியதற்கு இது அடையாளம். ஊட்டியது வீண் என்று நாம் சொல்லவில்லை. ஊட்டியவர் பொது ஜனங்கள் என்பதை மறக்கலாகாது என்றே சொல்லுகிறோம்.

குதிர்க் கணக்கு

காற்று வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரையில் வாரி வழங்குகிறது; மாசி பங்குனியில் ஓய்ந்துவிடுகிறது. ஆலையோ வருஷம் முழுதும் ஓட வேண்டும். இதற்காக ஏற்பட்ட ஏற்பாடு, காற்றுக் காலத்து மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துப் பின்னால் எடுத்துக்கொள்வது. அறுவடைக் காலத்தில், நெல் மலிந்து கிடக்கும்போது, நமது நெல்லை அண்டை வீட்டுக் குதிரில் கொட்டிவிட்டு, பஞ்ச மாதத்தில் ஏறக்குறைய மரக்காலுக்கு மரக்கால் திருப்பி வாங்கிக்கொள்வது போன்றது இது. ஆனால், அண்டை வீட்டாரிடம் உண்மையில் குதிர் இல்லை! மின்சாரத்தைப் பெருமளவில் சேர்த்து வைப்பது சுலபமான காரியமல்ல. ஆகையால் பங்குனியில் வாரியம் நிலக்கரியை எரித்தோ, வெளியில் அதிக விலைக்கு வாங்கியோதான் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. இதற்குக் கூலியாக ஒரு பங்கை வாரியம் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கூலி போதுமா என்பது வாரியத்துக்கும் ஆலைக்காரர்களுக்கும் பல வருஷங்களாக நடந்த வழக்கு.

ஆலைக்காரர்களின் கட்சியையும் கேட்பதுதான் நியாயம். வாரியத்திடம் முதல் இல்லாத காலத்தில் நாங்கள் முதல் போட்டோம் என்கிறார்கள். 2008-ஐ ஒட்டிய வருஷங்களில் நாடெங்கும் மின்வெட்டு நிலவியபோது கைகொடுத்தது எங்கள் யந்திரம் என்கிறார்கள். விற்ற மின்சாரத்துக்கு மாதக் கணக்காகப் பணம் வரவில்லை, கம்பிப் பாதை போதாமல் நல்ல காற்றிலும் யந்திரத்தை நிறுத்தச் சொன்னார்கள் என்கிறார்கள். இவை எல்லாம் உண்மை. வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதற்குக் காற்று பிரதான காரணம் அல்ல என்பதும் உண்மை. ஆயினும், எந்தக் காரணத்தால் விழுந்த துண்டாயினும், அதை நிரப்ப வேண்டியவர்கள் கடைசியில் மின்சாரக் கட்டணம் செலுத்துகிற குடும்பஸ்தர்களே. 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்ததை நம் நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

ஊர்க் கணக்கு

மூன்றாவது கணக்குத்தான் மிகச் சிறியது. ஆகவே யாரும் எழுதி வைக்காதது. கயத்தாற்றிலும் ஆரல்வாய்மொழியிலும் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலும் காற்றாலை நிற்கிற பூமி பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. நான்கு வருஷத்தில் ஒரு வருஷம் விளைந்தால் பெரிது என்று இருந்த குடியானவனிடம் தரகர் வந்து ரொக்கத்தை நீட்டினால் அவன் என்ன செய்வான்? விற்றான். அந்தப் பணம் ஒரு கல்யாணத்திலோ ஒரு கடனிலோ கரைந்தது. அவன் விற்ற நிலத்தில் நின்ற யந்திரம் இருபது, இருபத்தைந்து வருஷம் சம்பாதித்துக் கொடுத்தது. அவன் விற்றது மண்ணை. மண்ணுக்கு மேலே போகிற காற்றுக்கு விலை உண்டு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நிலம் இருந்தவனுக்கு அந்த ரொக்கமாவது கிடைத்தது. குத்தகைக்கு உழுதவனுக்கும், தரிசில் ஆடு மேய்த்தவனுக்கும் அதுவும் இல்லை. யந்திரங்களைக் கொண்டுவரப் போட்ட பாதையினால் ஓடை அடைபட்டால் நஷ்டம் கீழ்ப்புறத்துக் குளத்துக்கு. இரவெல்லாம் கேட்கிற இரைச்சல் பக்கத்து வீட்டுக்கு. லாபக் கணக்கு வெகு தூரத்திலுள்ள ஒரு காரியாலயத்தில் எழுதப்படுகிறது. ஊருக்குக் கிடைத்தது சில காவல்காரர் உத்தியோகம்.

இப்படித்தான் இருக்க வேண்டுமா? நமது முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் 1990-ஐ ஒட்டி டென்மார்க் தேசத்தின் உதவியோடு காற்றாலைகள் அமைந்தன. அதே காலத்தில் அந்தத் தேசத்துக் குடியானவர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து தாங்களே காற்றாலைகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் பங்குதாரர்கள் ஆயின. 2008-ல் அத்தேசம் ஒரு சட்டமும் செய்தது: புதிய காற்றாலை நடுகிறவர்கள், நாலரைக் கிலோமீட்டருக்குள் வசிக்கிறவர்களுக்கு 100-க்கு 20 பங்கை விலைக்குக் கொடுக்க முன்வர வேண்டும். 2020-ல் அதை மாற்றி, அண்டை வீட்டாருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை என்று ஏற்படுத்தினார்கள். டென்மார்க்கிலிருந்து கப்பலில் யந்திரம் வந்தது. இந்த ஏற்பாடு வரவில்லை.

வெளிநாட்டு உதாரணம் எதற்கு என்று கேட்பவர்கள், மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறைக்குப் போய்ப் பார்க்கலாம். 2006-ல் அந்தக் கிராமப் பஞ்சாயத்து, தன் சேமிப்பிலிருந்து 40 லட்சமும் பாங்கிக் கடனாக 1 கோடியே 15 லட்சமும் போட்டு, உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. அது வருஷத்துக்கு ஏறக்குறைய 6 லட்சத்து 75 ஆயிரம் யூனிட் கொடுத்தது. ஊரின் தேவை சுமார் நாலரை லட்சம். மிச்சத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனைக் கட்டினார்கள். பஞ்சாயத்துக்குக் காற்றாலை நடத்தத் தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சர்க்கார் உடைமையாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் போதாது. கடலுக்கு அப்பால் மன்னாரில் 2020-ல் இலங்கை மின்சார சபையே 30 காற்றாலைகளை நட்டது. ஆயினும், மேலும் யந்திரங்கள் வருவதைக் கண்டு 2025-ல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். மழைநீர் வடியாது, மீன்பிடித் தொழில் கெடும், வலசை வரும் பறவைகள் அழியும் என்பவை அவர்களுடைய முறையீடுகள். உடைமை யாருடையதானாலும், அந்த மண்ணில் வாழ்கிறவர்களைக் கேட்காமல் செய்கிற காரியம் அவர்கள் கண்ணுக்கு அந்நியனுடைய காரியமாகவே படும்.

பழைய விஷயத்தை இப்போது ஏன் கிளறுகிறோம் என்று நேயர்கள் எண்ணலாம். காரணம் இருக்கிறது. 1990-களில் நட்ட சிறிய யந்திரங்களுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. அவற்றைப் பிடுங்கிவிட்டு, அதே நல்ல காற்றுள்ள இடங்களில் பல மடங்கு பெரியவற்றை நடுவதற்காக 2024-ல் ராஜ்ய சர்க்கார் ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே, காற்று இரண்டாவது முறையாகப் பங்கு போடப்படுகிறது. முதல் முறை ஊர் தூங்கிவிட்டது. இந்த முறையும் தூங்கினால் இன்னும் இருபத்தைந்து வருஷத்துக்கு விழிக்க வேண்டிய அவசியமே இராது.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. புதிதாக எடுக்கிற நிலத்தை விலைக்கு வாங்காமல் வருஷக் குத்தகைக்கு எடுக்கட்டும். ஓடையையும் பாதையையும் தொடுவதற்கு முன் கிராம சபையைக் கேட்கட்டும். பழைய யந்திரத்தின் இரும்பையும் இறக்கையையும் அடித்தளத்தையும் உடையவரே தம் செலவில் அப்புறப்படுத்தட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உற்பத்தியாகிற ஒவ்வொரு யூனிட்டிலும் ஐந்து காசு அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சேர வேண்டும் என்று சட்டசபை விதிக்கட்டும். நல்ல காற்றுள்ள இடத்தில் 2 மெகாவாட் யந்திரம் ஒன்று வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் யூனிட் கொடுக்கும். ஐந்து காசு வீதம் இரண்டரை லட்சம் ரூபாய். இருபது யந்திரம் உள்ள ஊருக்கு அரைக் கோடி. பள்ளிக்கூடத்துக்குக் கூரையும், குளத்துக்குக் கரையும், குடிநீருக்குக் குழாயும் அதில் அடங்கும். யூனிட் மூன்று ரூபாய் என்றால், கொடுப்பவருக்கு அது அறுபதில் ஒரு பங்கு.

இது நமக்குப் புதிய தர்மமும் அல்ல. களத்தில் நெல் தூற்றி முடிந்ததும், அம்பாரத்தை அளந்து வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், ஊர்க் கொல்லனுக்கும் தச்சனுக்கும் காவல்காரனுக்கும் கோவிலுக்கும் ஒரு பங்கை ஒதுக்குவது முன்னாளைய வழக்கம். அந்த முறையில் ஏற்றத்தாழ்வுகளும் அநீதிகளும் இருந்தன. அவை மீண்டும் வர வேண்டாம். ஆனால் ஊரில் விளைந்ததில் ஊருக்கு ஒரு பாத்தியதை உண்டு என்ற கொள்கை அதில் இருந்தது. களத்து மேட்டில் ஒதுக்கிய அந்தப் பங்குக்குக் கிராமத்தார் வைத்திருந்த பெயர் "சுதந்திரம்" என்பது. கணவாய்க் காற்றிலும் அந்தச் சுதந்திரம் அளக்கப்படட்டும்.