வேதியியலும் வேதமும் கொஞ்சம் பெர்மாங்கனேட்டும்

தங்கச்சி இந்த வருஷம் ப்ளஸ் டூ. போன வாரம் என்னோட பழைய கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டைக் கேட்டாள். பி.காம். படிக்கிறவன் அதை ஏன் இன்னும் பரணில் வைத்திருக்கிறான் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது :-) எடுத்துத் தூசு தட்டிப் பிரித்துப் பார்த்ததில் கிளம்பிய புலம்பல்தான் இது.

நான் படித்தது கிறிஸ்தவப் பள்ளி. காலையில் ஜெபம், வசனம், அப்புறம்தான் முதல் பீரியட். ப்ளஸ் டூ பசங்களுக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை வெளியிலிருந்து ஒருத்தரைக் கூட்டி வந்து "அறிவியலும் விசுவாசமும்" என்று பேசச் சொல்வார்கள். எங்கள் வருஷம் வந்தவர் நன்றாகத்தான் பேசினார். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக அடர்த்தி, பனிக்கட்டி மிதக்கும், அதனால் ஏரியின் மேல்பக்கம் மட்டும் உறையும், அடியில் மீன் பிழைக்கும், ஆகவே கடவுள் இருக்கிறார். எல்லாரும் கை தட்டினோம். நானும்தான்.

மிதப்பதற்குக் காரணம் ஹைட்ரஜன் பிணைப்பு. உறையும்போது மூலக்கூறுகள் நடுவில் இடம் விட்டு அடுக்கிக்கொள்கின்றன, அதனால் கனஅளவு கூடுகிறது. பிஸ்மத்தும் காலியமும்கூட உறையும்போது விரிகிறவைதான். அங்கே எந்த மீன் நீந்துகிறது?

கானா ஊர்க் கல்யாணத்தில் தண்ணீர் திராட்சரசம் ஆனதையும் அவர் விடவில்லை. பின் பெஞ்ச் நண்பன் ஒருத்தன் எழுந்து, "சார், தண்ணியில ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான் இருக்கு. ஆல்கஹாலுக்குக் கார்பன் எங்கிருந்து வந்துச்சு?" என்றான். அவர் கொஞ்சம் யோசித்து, காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கலாம் என்றார்! அற்புதம் என்று நம்புகிறவன் அற்புதம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. அதை ஒரு சமன்பாட்டுக்குள் திணித்தால் கெமிஸ்ட்ரியும் கெடுகிறது, அற்புதமும் போய்விடுகிறது. நான் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன், அந்த உரிமையில்தான் சொல்கிறேன்.

பாடத்துக்குப் பக்கத்தில் வசனம் ஒட்டுவது சுலபம். கஷ்டமான இடம் லேபில் இருக்கிறது. அங்கே யாரும் எங்களுக்குப் பிரசங்கம் செய்யவில்லை.

ஆக்சாலிக் அமிலம், பொட்டாசியம் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் ஞாபகம் இருக்கிறதா? பிப்பெட்டில் 20 மில்லி எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60-70 டிகிரிக்குச் சூடாக்கி, பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சில சொட்டு நிறம் போக நேரம் எடுக்கும். அப்புறம் மாங்கனீஸ் அயனி உண்டாகி அதுவே வினையை வேகமாக்கும், விழ விழ நிறம் மறையும். கடைசியில் மறையாத ஒரு வெளிர் ரோஸ். அதுதான் முடிவு நிலை. தனியாக நிறங்காட்டி வேண்டாம். பெர்மாங்கனேட் அடர் நிறம் என்பதால் பியூரெட்டில் கீழ் வளைவு தெரியாது, மேல் விளிம்பைத்தான் பார்த்து எழுத வேண்டும். எனக்கு அந்த ரோஸ் நிறம் ரொம்பப் பிடிக்கும்.

பிராக்டிகல் பரீட்சை அன்றைக்கு எனக்கு வந்தது 18.9, அப்புறம் 19.4, அப்புறம் 19.2. பக்கத்து மேஜையில் எல்லாருக்கும் 19.6. எப்படி எல்லாருக்கும் 19.6 என்று கேட்டால் நீங்கள் தமிழ்நாட்டில் படிக்கவில்லை என்று அர்த்தம் :-) காலையிலேயே விஷயம் காதோடு காதாக வந்துவிட்டது. பரீட்சைக்கு முன்னால் வட்டமாக நின்று ஜெபம் பண்ணியவர்களும் 19.6தான். நானும் 19.6, 19.6 என்று இரண்டு தடவை எழுதிவிட்டு வந்தேன். முழு மார்க்.

இப்போது யோசித்தால் அந்த 18.9 தப்பே இல்லை. குடுவை ஆறிப்போயிருந்தது. நிறம் மெதுவாகப் போனதால் முடிந்துவிட்டது என்று நினைத்துச் சீக்கிரம் நிறுத்தியிருக்கிறேன். சரியாகச் சூடாக்கவில்லை என்பதை அந்த எண் எனக்குச் சொல்லியிருக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டிருக்கக்கூடிய ஒரே விஷயம் அதுதான். அதைத்தான் ரப்பரால் அழித்தேன். பத்துக் கட்டளையில் பொய்ச்சாட்சி பற்றி ஒன்று வருகிறது, சின்ன வயதிலிருந்து மனப்பாடம். அது கோர்ட்டுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டோம் போல.

பாயில் விதியைப் பதினொன்றாம் வகுப்பில் எல்லாரும் படித்திருப்போம். அந்த ராபர்ட் பாயில் பெரிய பக்திமான். 1691-ல் இறந்தபோது கிறிஸ்தவ நம்பிக்கையை ஆதரித்துச் சொற்பொழிவுகள் நடத்த உயிலில் பணம் ஒதுக்கிவிட்டுப் போனவர். அந்தக் கூட்டத்தில் அவர் பெயரும் வந்தது, "பாருங்கள், விஞ்ஞானியே விசுவாசி" என்று. வராத விஷயம் ஒன்று உண்டு. 1661-ல் வெளியான அவர் புத்தகத்தில், சோதனைகள் தோற்றுப்போவதைப் பற்றி மட்டுமே இரண்டு கட்டுரைகள் இருக்கின்றன. வாங்கிய பொருளில் கலப்படம் இருக்கலாம், ஒரு தடவை வந்தது மறு தடவை வராமல் போகலாம் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார் மனுஷன். கிறிஸ்தவப் பார்வையில் கெமிஸ்ட்ரி என்று ஒன்று இருந்தால் எனக்கு அது இந்தக் கட்டுரைகளில்தான் தெரிகிறது, மிதக்கிற பனிக்கட்டியில் இல்லை.

"மார்க் போயிடுமே" என்பீர்கள். போகும்தான். விடைக்கு மட்டும் மார்க் போட்டால் எல்லாரும் விடையைத்தான் திருடுவார்கள். 18.9 வந்தது ஏன் என்று எழுதினவனுக்கும் மார்க் கொடுங்கள் என்று ஒரு கிறிஸ்தவப் பள்ளியாவது தன் மாதிரித் தேர்வில் செய்து பார்க்கலாம். அதற்கு வெளியிலிருந்து பேச்சாளர் தேவையில்லை. (இப்போது ஆடிட்டிங் வகுப்பில் வவுச்சர் இல்லாத செலவை எப்படிப் பிடிப்பது என்று படிக்கிறேன். சிரிப்பு வருகிறது.)

இதையெல்லாம் தங்கச்சியிடம் சொல்லி, ரெக்கார்டைத் தர மாட்டேன், நீயே செய்து வருவதை எழுது என்றேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ முழு மார்க் வாங்கிட்டு எனக்கு மட்டும் சொல்றியாண்ணே?" என்றாள்.

நோட்டு இன்னும் மேஜை மேல்தான் கிடக்கிறது.