கை உயர்த்தியது நானா மட்டும்

கடந்த விடுமுறையில் ஒரு சனிக்கிழமை எங்கள் குடும்பம் கித்துல்கலவுக்குப் போனது. கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேன வழியாக வேன் வளைந்து வளைந்து இறங்க, தேயிலை மலைகள் மறைந்து மழைக்காடு தொடங்கியது. கீழே களனி கங்கை பாறைகளில் மோதி வெள்ளையாக நுரைத்துக்கொண்டு ஓடியது. இறப்பர் படகில் ராஃப்டிங் போக நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வரும் இடம் அது.

ராஃப்டிங் போக நானா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எங்களுக்கோ மூன்று நாட்கள் வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது. “பொம்பிளப் புள்ளைகளுக்கு என்னத்துக்கு இந்த வேல?” என்று உம்மும்மா கேட்டார். கடைசியில் வாப்பாவும் படகில் வருவதாகச் சொன்ன பிறகே சம்மதம் கிடைத்தது.

படகில் ஏழு பேர்: வாப்பா, நானா, சாச்சி, சாச்சியின் இரண்டு மகள்மார், தங்கை, நான். தலைக்கவசமும் உயிர்காப்பு அங்கியும் அணிவித்த வழிகாட்டி, “நீந்தத் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள்” என்று சிங்களத்தில் சொன்னார். கை உயர்த்தியது நானா மட்டும். எங்களைப் பாதுகாக்க வந்த வாப்பாவுக்கும் நீந்தத் தெரியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கரையில் வைத்தே வழிகாட்டி எங்களுக்குப் பாடம் நடத்தினார். படகிலிருந்து விழுந்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கிவிடும். மல்லாந்து படுத்து, கால்களை நீரோட்டம் போகும் பக்கம் நீட்டி மிதக்க வேண்டும். எறியப்படும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆற்றின் மட்டம் மழையை மட்டுமல்ல, மேலேயுள்ள நீர்மின் நிலையங்கள் நீரைத் திறந்துவிடும் நேரத்தையும் பொறுத்தது. வெயில் எறிக்கும்போதே ஆறு உயரலாம். மகாவலிக் கரையில் பதினேழு வருடங்கள் வாழ்ந்த எனக்கு இவற்றில் ஒன்றையும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

அல்ஹம்துலில்லாஹ், சுழிகளை எல்லாம் பத்திரமாகக் கடந்தோம். பின்னர் ஆறு அமைதியாக ஓடும் ஓரிடத்தில், விரும்பியவர்கள் இறங்கி மிதக்கலாம் என்றார் வழிகாட்டி. நான் இறங்கினேன். ஆனால் படகின் கயிற்றைப் பிடித்த கையை என்னால் எடுக்க முடியவில்லை. மிதப்பு விதியைப் பரீட்சையில் எழுதி முழுப் புள்ளி வாங்கியவள் நான். அங்கி தாங்கும் என்று என் புத்திக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. பத்து மீற்றர் தள்ளி நானா வானத்தைப் பார்த்தபடி மிதந்துகொண்டிருந்தார்.

அன்று முதல் என் மனதில் இருப்பதை இங்கே எழுதுகிறேன். நம் பெண் பிள்ளைகளுக்கு ராஃப்டிங் வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல என் கேள்வி. அது ஒரு நாள் பொழுதுபோக்கு, போகாவிட்டாலும் குறையொன்றுமில்லை. ஆனால் நீச்சல் பொழுதுபோக்கு அல்ல.

நாம் தண்ணீரிடம் போகாமல் இருந்தாலும் தண்ணீர் நம்மிடம் வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, நம் கிழக்குக் கரையில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள். பெண்கள் பலருக்கு நீந்தவோ மரம் ஏறவோ தெரியாமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தோடு அடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகள் சுற்றுலா போனவர்கள் அல்லர். மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். நீச்சல் தெரிந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியிலும் வெள்ளம் குறுக்கிடும் நாட்டில் வாழ்கிறோம் என்பதையே நினைவூட்டுகிறேன். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2021இல் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25ஐ இதற்கென்றே ஒரு தினமாக அறிவித்தது.

“ஆற்றில் போகிறவர்கள் நீந்தத் தெரிந்தவர்கள்தானே?” என்று வாப்பா கேட்டார். நியாயமான கேள்வி. மகாவலியில் குளிக்கப் போய் உயிரிழந்த இளைஞர்களைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறோம். ஆனால் அவர்களில் பலர் நண்பர்களைப் பார்த்துக் கையடிக்கப் பழகியவர்கள். முறையாகக் கற்பவர் முதலில் கற்பது, எந்த நீரில் இறங்கக் கூடாது என்பதைத்தான். பயம் நம்மை ஆற்றிலிருந்து தள்ளி வைக்கும். ஆற்றில் விழுந்துவிட்டால் அது உதவாது.

அடுத்த கேள்வி ஹயா. அதை நான் சிறிதாக எண்ணவில்லை. பெண்களுக்கு மட்டுமான நேரம், பெண் பயிற்றுவிப்பாளர், உடலை முழுமையாக மறைக்கும் நீச்சல் உடை ஆகியவற்றை ஏற்பாடு செய்தால் மார்க்கமும் பேணப்படும், பிள்ளையும் கற்றுக்கொள்வாள். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பெண்ணின் உடற்பலம் நம் மார்க்கத்துக்கு அந்நியமானதல்ல.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று. பெற்றோரே, டியூஷனுக்கு ஒதுக்கும் நாட்களில் ஒரு விடுமுறைக் காலத்தை மட்டும் நீச்சலுக்குத் தாருங்கள். நானாமாருக்கும் தங்கைமாருக்கும் சேர்த்தே தாருங்கள். கல்லூரிக்குச் சொந்தத் தடாகம் தேவையில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒரு தடாகத்தைப் பெண்களுக்கென்று ஒழுங்கு செய்து, நம்பிக்கையான ஓர் ஆசிரியையோடு அனுப்பினால் போதும். தோழிகளே, அதுவரை ஒன்றையாவது மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் மூழ்குவதைக் கண்டால் பாய்ந்துவிடாதீர்கள். உதவிக்குக் குரல் கொடுத்து, கயிறு, சால்வை, மூடிய வெற்றுக் கேன் என்று கையில் அகப்பட்டதை எறியுங்கள். காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து மூழ்கிய வீடுகள் உண்டு.

நாங்கள் கரையேறியபோது உம்மா தஸ்பீஹ் மணியோடு நின்றிருந்தார். எங்களை எண்ணிப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. திரும்பும் வழியில் வேனில் வாப்பா நானாவிடம் மெதுவாகக் கேட்டார்: “எனக்கும் இந்த வயசில பழக ஏலுமா மகன்?”

அந்தக் கேள்வியை எல்லா வீடுகளிலும் கேட்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை அதே ஆற்றங்கரையில் அதே கேள்வி வரும்போது, எங்கள் படகில் ஏழு கைகளும் உயர வேண்டும்.