முதலில் படம் இறங்கட்டும்

மலை ஊருக்கு ராத்திரியிலும் ஓடுகிற ஸ்கேன் வசதி வேண்டும் என்று பேச்செடுத்தால், "அங்கே ஜனமே இல்லையே" என்று ஒரு சப்பைக்கட்டு வரும். கொடைக்கானலை வைத்தே அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 36,501. சரி, சின்ன ஊர்தான். ஆனால் 2025 சீசனுக்கு உயர் நீதிமன்றம் விதித்த உச்சவரம்பு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. வண்டிக்கு நாலு பேர் என்றாலும் ஒரே நாளில் 24,000 பேர். ஹோட்டல் கட்டவும் இ-பாஸ் கொடுக்கவும் இவர்கள் கணக்கில் உண்டு. மண்டை உடைந்தால் மட்டும் கிடையாதாம்!

அடுத்த ஜல்லி: "கீழே அனுப்பிவிடலாமே." வத்தலக்குண்டைத் தொடவே 50 கி.மீ.க்கு மேல் மலைப்பாதை. மதுரைக்கு மூன்று மணி நேரமாவது ஆகும். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் தேங்குகிற காயத்தில் சிலர் அடிபட்டதும் மயங்கி, பிறகு தெளிந்து நன்றாகவே பேசுவார்கள், காபிகூட கேட்பார்கள். பெருமாள்மலை தாண்டும்போது மறுபடி நினைவு தப்பும். முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, சி.டி. ஸ்கேன் சொல்லும். 1971-லேயே லண்டனில் நோயாளிக்கு எடுத்துப் பார்த்துவிட்ட சமாச்சாரம் இது, ஒன்றும் புதுசு இல்லை.

பக்கவாதம் இன்னும் மோசம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால் மூளையில் இருப்பது அடைப்பா, கசிவா என்று படம் எடுக்காமல் போடக்கூடாது. கசிவில் போட்டால் ஆளே போய்விடலாம். மன்னவனூர்க்காரர் கொடைக்கானல் வரவே 30 கி.மீ.க்கு மேல். அப்புறம் மதுரை. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

காட்டுமாடு முட்டி வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க அல்ட்ராசவுண்டில் சில நிமிஷம் போதும். 1994 சட்டம் இந்தக் கருவியை இஷ்டப்படி வெளியே தூக்கிப்போக விடாது. பெண் கருவை அழித்த நாட்டில் அது தேவையான சட்டம்தான். ஆனால் பதிவு செய்த ஆஸ்பத்திரியின் அவசர வார்டுக்குள் வைப்பதை அது தடுக்கவில்லை. ஆகவே சட்டத்தின் மேல் பழி போட வேண்டாம்.

"மேலே மூளை சர்ஜன் இல்லையே, படம் எடுத்து என்ன செய்ய?" இது கொஞ்சம் நியாயமான கேள்வி. நோயாளி இறங்க மூன்று மணி நேரம், படம் இறங்க சில நிமிஷம். அவர் வழியில் இருக்கும்போதே கீழே ரேடியாலஜிஸ்ட் படித்து, தியேட்டரைத் தயார் பண்ணலாம். படம் சுத்தமாக இருந்தால் பலரை அந்த வளைவுகளில் உருட்டாமல் மேலேயே படுக்கவைத்துக் கவனிக்கலாம். ராத்திரி ஆம்புலன்ஸும் வேறொருவருக்கு மிஞ்சும்.

மிஷின் வாங்கி ரிப்பன் வெட்டுவது சுலபம். சாயங்காலம் அறையைப் பூட்டிவிட்டுப் போனால் அது வெறும் காட்சிப்பொருள். வேண்டியது மூன்று ஷிஃப்டுக்கும் டெக்னீஷியன், அறுந்து போகாத இணைய இணைப்பு, மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் ஓட ஒரு ஜெனரேட்டர். பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சிக்கு மாதக்கணக்கில் முன்னாடியே நாற்று நடத் தெரிந்த ஊரில் இது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை.