பச்சைச் சுவரும் பாஷாணமும்

சுண்ணாம்புச் சுவருக்குப் பழகிய நமக்கு, வீட்டுச் சுவர்களில் பூவும் கொடியும் அச்சிட்ட தாளை ஒட்டும் வழக்கம் சற்று விந்தையாகத் தோன்றலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதுவே இல்லத்தின் பெரும் அணியாக விளங்கியது. தொடக்கத்தில் அது செல்வர்க்கே உரியது. கையால் அச்சிட வேண்டும், அரசுக்கு வரியும் செலுத்த வேண்டும். 1836-இல் அவ்வரி நீக்கப்பட்டது. 1839-இல் டார்வன் நகரத்துப் பாட்டர் நிறுவனத்தார் உருளை இயந்திரத்தால் சுவர்த்தாள் அச்சிடத் தனியுரிமை பெற்றனர். விலை சரிந்தது. தொழிலாளியின் சிற்றறையிலும் இலைகள் படர்ந்தன.

ஆலைப் புகை சூழ்ந்த நகரங்களில் பசுமை அரிதாகிவிட்ட காலம் அது. தோட்டம் இல்லாதவர் அதனைச் சுவரிலேனும் கண்டு மகிழ விரும்பியதில் பிழையில்லை. பிழை அப்பச்சை நிறத்தில் இருந்தது. ஸ்வீடன் நாட்டு வேதியியலார் ஷீலே, செம்பையும் பாஷாணத்தையும் கூட்டி 1775-இல் ஒரு பச்சை வண்ணம் கண்டார். 1814-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் அதனினும் ஒளிமிக்க மரகதப் பச்சை உருவாயிற்று. எலியைக் கொல்லும் அதே பாஷாணம் இரண்டிலும் கலந்திருந்தது! ஈரம் ஊறிய அறைகளில் இத்தாள் தீங்கு செய்யும் என்று ஜெர்மன் பேராசிரியர் கிமெலின் 1839-லேயே எச்சரித்தார். மலிவிலும் பொலிவிலும் மயங்கியிருந்தோர் செவிமடுக்கவில்லை.

1862-ஆம் ஆண்டு, லண்டன் மாநகரின் லைம்ஹவுஸ் பகுதியில் ஓர் எளிய குடும்பத்தின் நான்கு குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். தொண்டை அடைப்பான் நோய் என்றே முதலில் எண்ணப்பட்டது. ஐயமுற்ற மருத்துவர் ஆர்ட்டன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சாக்கடையில் குறையில்லை, நீரில் குறையில்லை. குழந்தைகள் உறங்கிய அறையிலோ பச்சைத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. சோதித்தபோது அதில் பாஷாணம் மிகுந்திருக்கக் கண்டனர். ஆயினும் விசாரணைக் குழுவினர் அதனை இயற்கை மரணம் என்றே முடிவு கூறினர். நான்கு பிள்ளைகளை இழந்த அத்தாயின் செவியில் இம்முடிவு எவ்வாறு ஒலித்திருக்கும்!

அந்நாளில் இல்ல அலங்காரத்தில் புதுநெறி கண்டவர் வில்லியம் மாரிஸ். இயந்திரச் சரக்கின் அழகின்மையை வெறுத்தவர். அவருக்காக 1859-இல் கட்டடக் கலைஞர் பிலிப் வெப் வரைந்த செங்கல் இல்லம், பூச்சு மறைக்காத செங்கல்லாலேயே அழகு பெற்றது. ‘செவ்வில்லம்’ என்றே பெயரும் அமைந்தது. அதன் தோட்டத்துத் தட்டிகளில் ரோஜாக் கொடிகள் ஏறின. அக்காட்சியையே மாரிஸ் 1862-இல் சுவர்த்தாளுக்கு வரைந்தார். பறவைகளை வெப் வரைந்து சேர்த்தார். கண்ணுக்கு இனிய படைப்பு என்பதில் ஐயமில்லை.

ஆனால் மாரிஸ் குடும்பத்தின் செல்வம் டெவன் மாவட்டத்துச் செம்புச் சுரங்கப் பங்குகளிலிருந்து வந்தது. பின்னாளில் அச்சுரங்கம் பெருமளவில் பாஷாணமும் விற்றது. 1871 முதல் 1875 வரை மாரிஸ் அதன் இயக்குநருள் ஒருவர். பாஷாணத் தாளைப் பற்றிய மருத்துவர்களின் அச்சத்தைச் சூனியக்காரியரைக் குறித்த பழங்காலப் பீதிக்கு ஒப்பாக்கி, 1885-இல் ஒரு கடிதத்தில் எள்ளினார். ஏழைத் தொழிலாளருக்காக அத்துணை பேசியவர், எழுதியவர், இதில் மட்டும் இவ்வாறு கண்மூடியிருந்தது எனக்குப் பெரும் வருத்தமே தருகிறது.

1891-இல் இத்தாலிய மருத்துவர் கோசியோ, ஈரத் தாளின் பசையில் வளரும் பூஞ்சணம் அவ்வண்ணத்திலிருந்து பூண்டு நாற்றமுள்ள ஆவியை எழுப்புவதை ஆய்ந்து காட்டினார். அவ்வாவியா, உதிர்ந்த வண்ணத்தூளா, எது மிகுதியாகத் தீங்கு செய்தது என்பதில் அறிஞர் இன்றும் ஒன்றுபடவில்லை.

ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் தடைச் சட்டங்கள் எழுந்தன. இங்கிலாந்தின் பாராளுமன்றமோ சுவர்த்தாளுக்கென ஒரு சட்டமும் இயற்றவில்லை. அங்கே நஞ்சை விரட்டியவர்கள் வாங்குவோரே. பாஷாணம் கலந்த தாள் வேண்டா என்று கடையில் கேட்டு மறுத்தனர்; வணிகரும் ‘பாஷாணம் அற்றது’ என விளம்பரம் செய்யத் தொடங்கினர். மாரிஸின் நிறுவனமும் 1880-களில் அதனைக் கைவிட்டது.

மாரிஸ் வரைந்த அந்த ரோஜாத் தாளின் பழைய துண்டொன்றை அபர்தீன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார். பச்சையில் பாஷாணமும், ரோஜாவின் சிவப்பில் பாதரசமும் இருந்தன.