பெங்களூருவை உருவாக்கியவை சலுகைகள் அல்ல

பெங்களூரு ஊரக மாவட்டம், தேவனஹள்ளி வட்டத்தில் 13 கிராமங்களைச் சேர்ந்த 1,777 ஏக்கர் விளைநிலத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கையைக் கைவிடுவதாகக் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா 2025 ஜூலை 15 அன்று அறிவித்தார். வானூர்தித் தொழிற்பூங்கா அமைப்பதற்கென்று முந்தைய பாஜக ஆட்சி 2021இல் தொடங்கி வைத்த இந்நடவடிக்கையை எதிர்த்து, சன்னராயபட்டணா பகுதி விவசாயிகள் 2022 ஏப்ரல் 4 முதல் 1,198 நாட்கள் இடைவிடாமல் போராடினர். காவல்துறையின் தடியடியையும் கைதுகளையும் எதிர்கொண்டனர். ராகியும் திராட்சையும் காய்கறிகளும் மல்பெரியும் விளையும் அந்த மண்ணைக் காக்க, விவசாயிகள், தலித் அமைப்புகள், தொழிற்சங்கங்கள், இடதுசாரிகள் ஆகியோர் ‘சம்யுக்த ஹோராட்டா கர்நாடகா’ என்னும் கூட்டு மேடையில் ஒன்றிணைந்தனர். அந்த ஒற்றுமைக்குக் கிடைத்த வெற்றி இது.

இவ்வெற்றி முழுமையானதென்று கருதி ஓய்ந்துவிட இயலாது. தாமாக முன்வந்து நிலம் தரும் விவசாயிகளிடமிருந்து கூடுதல் இழப்பீடு அளித்து நிலம் பெறப்படும் என்றும் முதலமைச்சர் அறிவித்திருக்கிறார். இந்த வாசல் வழியாகத் தரகர்களும் நில வணிகர்களும் நுழைவதைத் தடுக்க, கிராமங்களில் தொடர்ந்த விழிப்புணர்வு தேவைப்படுகிறது.

அறிவிப்பின் ஈரம் காய்வதற்குள் ஆந்திரப் பிரதேசத்தின் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் நாரா லோகேஷ், வானூர்தி நிறுவனங்களைத் தம் மாநிலத்துக்கு அழைத்தார். பெங்களூருவை ஒட்டியே 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் ஆயத்தமாக இருப்பதாகவும் கூறினார். உடனே பெருமுதலாளித்துவ ஊடகங்கள், “கர்நாடகம் தொழிலை விரட்டுகிறது, அண்டை மாநிலம் அள்ளிக்கொண்டு போகிறது” என்று கூக்குரல் எழுப்பத் தொடங்கிவிட்டன. தங்கள் நிலத்தைத் தங்களிடம் விட்டுவிடுமாறு கேட்ட எளிய விவசாயிகள், ஒரே நாளில் வளர்ச்சியின் பகைவர்களாகச் சித்திரிக்கப்பட்டனர்.

ஆகவே அடிப்படையான ஒரு கேள்விக்கு விடை காண்பது அவசியமாகிறது. உயர்தொழில்நுட்பத் தொழில் ஒரு நகரத்தைத் தேடி வருவதற்கு அந்நகரத்துக்குத் தேவைப்படுபவை எவை? மலிவான நிலம், வரிவிலக்கு, தளர்த்தப்பட்ட தொழிலாளர் சட்டங்கள் என்று முதலாளிகளின் அமைப்புகள் விடை கூறுகின்றன. பெங்களூருவின் வரலாறோ வேறொரு விடையைக் கூறுகிறது.

சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்தை மைசூர் அரசு 1902இல் அமைத்தது. அதன் மின்சாரம் முதலில் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட மக்கள் உயிரைப் பணயம் வைத்துப் பொன் எடுத்த சுரங்கங்கள் அவை. 1905இல் அம்மின்சாரம் பெங்களூருவின் தெருக்களுக்கு வந்தது. 1909இல் ஜாம்ஷெட்ஜி டாடாவின் கொடையும் மைசூர் அரசு வழங்கிய 371 ஏக்கர் நிலமும் சேர்ந்து இந்திய அறிவியல் கழகம் உருவானது. 1917இல் மைசூர் அரசு பொறியியல் கல்லூரியைத் தொடங்கியது. 1940இல் மைசூர் அரசின் முதலீட்டோடு தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை 1942இல் இந்திய அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் அறிவியல் கழகத்தில் வானூர்திப் பொறியியல் துறை பிறந்தது. தொழிற்சாலையும் கல்விக்கூடமும் ஒன்றையொன்று வளர்க்கும் மரபு அந்நகரத்தில் இவ்வாறு வேரூன்றியது.

விடுதலைக்குப் பின் இம்மரபு மேலும் விரிந்தது. 1948இல் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், 1953இல் எச்எம்டி, 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1964இல் பாரத் எர்த் மூவர்ஸ் எனப் பொதுத்துறை நிறுவனங்கள் வரிசையாகத் தோன்றின. தேசிய வானூர்தி ஆய்வகம் 1960இல் தில்லியிலிருந்து பெங்களூருவுக்கு மாற்றப்பட்டது. 1975இல் விண்ணில் ஏவப்பட்ட இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டா, பீன்யா தொழிற்பேட்டையின் எளிய கொட்டகைகளில் உருவாக்கப்பட்டது. இந்நிறுவனங்கள் பொருள்களை உற்பத்தி செய்ததோடு நிற்கவில்லை. பொறியாளர்களையும் கடைசல் வினைஞர்களையும் கருவி செய்வோரையும் மின்னணுத் தொழில்நுட்பர்களையும் ஆயிரக்கணக்கில் பயிற்றுவித்தன. குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றோடு கூடிய தொழிலாளர் நகரியங்களையும் எழுப்பின. தொழிலாளியின் மகனும் மகளும் பொறியியல் பயில வழி பிறந்தது அங்கேதான்.

இந்நகரத்தில்தான் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1985இல் தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது. இந்தியாவின் மென்பொருள் ஏற்றுமதி வரலாற்றில் இது ஒரு தொடக்கப் புள்ளியாகப் பேசப்படுகிறது. இதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன்பு அதே நகரத்தில் நடந்ததை எவரும் நினைவூட்டுவதில்லை. 1980 டிசம்பர் இறுதியில் தொடங்கி 77 நாட்கள், பெங்களூருவின் பொதுத்துறைத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர் ஊதிய உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தனர். இந்தியத் தொழிலாளர் இயக்க வரலாற்றின் பெரும் போராட்டங்களுள் ஒன்று அது. தொழிற்சங்கம் இருந்தால் தொழில் வராது என்பது உண்மையாயின், டெக்சாஸ் நிறுவனம் அந்நகரத்தின் திசையையே நோக்கியிருக்கக் கூடாது. ஆனால் அது வந்தது. பொதுப் பணத்தில் கற்ற பொறியாளர்களும் அரசின் ஒத்துழைப்போடு கிடைத்த செயற்கைக்கோள் தொடர்பும் அதற்குத் தேவைப்பட்டன. தொழிற்சங்கங்களின் வலிமை அதன் வருகைக்குத் தடையாகவில்லை.

வரிச்சலுகைகளால்தான் மென்பொருள் தொழில் வளர்ந்தது என்போர் உண்டு. 1991இல் நிறுவப்பட்ட இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பின் கீழ், ஏற்றுமதி வருமானத்துக்கு 2011 மார்ச் வரை வருமான வரிவிலக்கு தொடர்ந்தது மெய்யே. ஆனால் அவ்விலக்கு பெங்களூருவுக்கு மட்டும் உரியதன்று. நாடு முழுவதிலும் இருந்த அத்தகைய பூங்காக்களுக்கும் அது பொதுவானது. தொடக்க கால மையங்களுள் புவனேசுவரமும் ஒன்று. சலுகை ஒன்றாக இருந்தும் விளைவு ஏன் வேறாயிற்று? முக்கால் நூற்றாண்டுப் பொது முதலீட்டில் திரண்ட கல்வியும் தொழில்திறனும் பெங்களூருவில் இருந்தன என்பதே விடை. எலக்ட்ரானிக் சிட்டி கூட, கியோனிக்ஸ் என்னும் மாநிலப் பொதுத்துறை நிறுவனம் 1978இல் அமைத்ததுதான்.

உலக அனுபவமும் இதையே உறுதிப்படுத்துகிறது. சில்லுத் தொழிலின் தலைநகராக இன்று விளங்கும் தைவானின் சின்ச்சு அறிவியல் பூங்கா 1980இல் அரசால் அமைக்கப்பட்டது. அங்குள்ள டிஎஸ்எம்சி நிறுவனம், அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றின் உழைப்பிலிருந்தும் அரசு முதலீட்டிலிருந்தும் 1987இல் பிறந்தது. இதற்கு நேர்மாறான பாடத்தை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் கற்றது. 13,000 வேலைகள் தருவதாக 2017இல் கூறிய ஃபாக்ஸ்கான் நிறுவனத்துக்கு அம்மாநிலம் ஏறத்தாழ 300 கோடி டாலர் சலுகைகளை அறிவித்தது. வீடுகளும் விளைநிலங்களும் கையகப்படுத்தப்பட்டன. 2021இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது வாக்குறுதி 1,454 வேலைகளாகச் சுருங்கியிருந்தது.

தமிழ்நாட்டுக்கு இப்பாடம் புதிதன்று. திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா, நிலம் முதல் வரி வரை அரசின் சலுகைகளை ஆண்டுக்கணக்கில் துய்த்தபின், 2014 நவம்பர் 1 அன்று ஆலையை மூடியது. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வேலையிழந்து வீடு திரும்பினர். சலுகையைத் தேடி வந்த மூலதனம், வேறிடத்தில் ஆதாயம் தெரிந்ததும் அங்கே சென்றுவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் மாநிலங்களை ஏலக்களத்தில் நிறுத்தும் கொள்கையே ஆட்சி செய்கிறது. குஜராத்தின் சானந்தில் அமையும் மைக்ரான் ஆலையின் திட்டச் செலவில் 50 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 20 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. பணம் மக்களுடையது, உடைமையோ அந்நிய நிறுவனத்துடையது. விசாகப்பட்டினத்தில் 21 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை டிசிஎஸ் நிறுவனத்துக்கு 99 பைசாவுக்கு வழங்க ஆந்திர அமைச்சரவை 2025 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. 

நிலத்தோடு தொழிலாளியின் நேரமும் ஏலத்துக்கு வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் கர்நாடக பாஜக அரசு தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அதே வழியில் சென்று, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளன்று சட்டமுன்வடிவைத் திரும்பப் பெற்றது. 2024 ஜூலையில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களுக்கு 14 மணி நேர வேலைநாள் என்னும் யோசனை பெங்களூருவில் எழுந்தது. கர்நாடக மாநில ஐடி ஊழியர் சங்கம் அதை எதிர்த்து வீதிக்கு வந்தது. 2025 ஜூன் மாதம் காங்கிரஸ் அரசு, வேலைநாளை 9 மணியிலிருந்து 10 மணியாக்கும் யோசனையோடு மீண்டும் வந்தது. ஆந்திரமும் தெலங்கானாவும் ஏறத்தாழ அதே காலத்தில் 10 மணி நேரத்தை அறிவித்தன. ஆளும் கட்சிகள் வெவ்வேறு. பணியும் எசமானன் ஒருவனே. 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐடி நிறுவனங்களுக்கு அளித்த விலக்கையும் கர்நாடக அரசு 2024இல் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்திருக்கிறது. காரணம் கூறாமல் ஒரே மின்னஞ்சலில் பணிநீக்கம் செய்யப்படும் பொறியாளருக்கு, இதன் பொருள் நன்கு தெரியும்.

இந்த ஏலத்தில் கருவூலம் இழக்கும் பணம், நகரம் உயிர்வாழத் தேவையான பணிகளுக்குச் செல்லவேண்டிய பணமாகும். பெங்களூரு இன்று தவிப்பது சலுகைப் பற்றாக்குறையால் அன்று. தண்ணீர், போக்குவரத்து, வீடு ஆகியவற்றின் பற்றாக்குறையால். ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காவிரி நீரை மேட்டுக்கு ஏற்றிக் குடிக்கும் நகரம் அது. 2024 கோடையில் ஏறத்தாழ 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாகத் துணை முதலமைச்சரே ஒப்புக்கொண்டார். 2022 மழையிலோ ஐடி நிறுவனங்கள் நிறைந்த வெளிவட்டச் சாலை வெள்ளத்தில் மூழ்கியது. ஏரிகளும் அவற்றை இணைத்த கால்வாய்களும் கட்டட முதலாளிகளின் ஆக்கிரமிப்பில் மறைந்ததன் விளைவு இது. பெல்லந்தூர் ஏரி கழிவால் நுரைத்துத் தீப்பற்றி எரிந்ததை உலகமே கண்டது. நிறுவனங்கள் நகரத்தை விட்டுப் போய்விடுமோ என்னும் அச்சத்தை உண்டாக்குபவை இவையே. ராகி விளைவிக்கும் விவசாயியின் மீது அப்பழியைச் சுமத்துவது மோசடி.

கணினி முன் அமர்வோர் மட்டும் ஒரு நகரத்தை இயக்குவதில்லை. குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர், வாயிலில் நிற்கும் காவலர், உணவு சுமக்கும் இளைஞர், வாடகைக் கார் ஓட்டுநர், வீட்டுவேலை செய்யும் பெண், ஆடை ஆலைத் தொழிலாளி ஆகியோரின் உழைப்பின் மேல்தான் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. அவர்களுக்குக் குடிக்க நீரும் குடியிருக்க இடமும் கிடையாத நகரத்தை முன்னேறிய நகரம் என்று அழைப்பதற்கில்லை.

இடதுசாரிகள் தொழில்வளர்ச்சிக்கு எதிரிகள் என்னும் பழைய அவதூறு மீண்டும் உலவுகிறது. வானூர்தித் தொழிலும் சில்லுத் தொழிலும் இந்நாட்டுக்குத் தேவை. அவை யாருடைய செலவில், யாருடைய நன்மைக்காக அமைகின்றன என்பதே கேள்வி. ஏற்கெனவே தொழிலுக்கென எடுக்கப்பட்டுப் பயன்படாமல் கிடக்கும் நிலங்களின் கணக்கை அரசுகள் வெளியிட வேண்டும். 1966ஆம் ஆண்டின் கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சிச் சட்டமாயினும், 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தொழில் நிலமெடுப்புச் சட்டமாயினும், 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் வழங்கிய ஒப்புதல் உரிமையையும் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் புறந்தள்ள அனுமதிக்கலாகாது. பொதுப் பணம் பெறும் நிறுவனத்தில் பொது மக்களுக்குப் பங்கும், அதன் தொழிலாளிக்குச் சங்க உரிமையும் எட்டு மணி நேர வேலைநாளும் உறுதிசெய்யப்பட வேண்டும். எச்எம்டி கடிகார ஆலைகளை 2016இல் மூடியது போன்ற பொதுத்துறை அழிப்பு நிறுத்தப்பட வேண்டும். அரசுக் கல்வி நிறுவனங்களும் பொதுத்துறை ஆய்வகங்களும் வலுப்பெறாமல் அடுத்த தலைமுறைத் தொழில் எந்நகரத்திலும் பிறக்காது.

ஒசூரும் பெங்களூருவும் போட்டியிட வேண்டும், தமிழ்நாடும் ஆந்திரமும் முட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆளும் வர்க்கம் விரும்புகிறது. மாநிலப் பெருமிதத்தின் பெயரால் இந்த ஏலத்தைக் கொண்டாடும் மனநிலைக்குத் தமிழக உழைக்கும் மக்களும் ஆட்படக் கூடாது. பரந்தூரிலும் செய்யாற்றை அடுத்த மேல்மாவிலும் நிலம் காக்கப் போராடும் விவசாயிக்கும் தேவனஹள்ளி விவசாயிக்கும் மொழி வேறு, எதிரி ஒன்றே. திருப்பெரும்புதூரில் 2024இல் 37 நாட்கள் நின்று சங்க உரிமையை வென்ற சாம்சங் தொழிலாளிக்கும், 14 மணி நேர வேலையை எதிர்க்கும் பெங்களூரு ஐடி ஊழியருக்கும் போராட்டக் களம் பொதுவானதே.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கு எதிராக ஜூலை 9 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆறு நாட்கள் கழித்துத் தேவனஹள்ளி வென்றது. நிலத்தைக் காக்கும் போராட்டத்தையும் வேலைநாளைக் காக்கும் போராட்டத்தையும் மாநில எல்லைகளைக் கடந்து இணைப்பது தோழர்களின் முன்னுள்ள உடனடிப் பணியாகும். 1,198 நாட்கள் பொறுமையோடும் ஒற்றுமையோடும் நின்ற 13 கிராமங்கள் அதற்கான நம்பிக்கையை அளித்திருக்கின்றன.