சாயத்தண்ணிக்கு யார் பில் கட்டுவது?

திருக்கடையூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அபிராமி அம்மனும் அறுபதாம் கல்யாணமும்தான் ஞாபகம் வரும். எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் கூடவே திருப்பூரும் ஞாபகம் வரும். விவசாயம் படுத்தால் பஸ் ஏறுகிற ஊர். பொங்கலுக்குத் திரும்பும்போது எக்ஸ்போர்ட்டில் ரிஜெக்ட் ஆன டீ-ஷர்ட் கொண்டு வருவார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஆக, குற்றவாளிக் கூண்டில் எனக்கும் ஒரு ஓரம் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக ஓடி கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரியின் கடைமடைதான் நாங்கள். (எங்கள் கடலோரக் கிணறுகள் கரிப்பதற்குக் கடல்தான் காரணம். அந்தப் பழியைத் திருப்பூர் தலையில் கட்ட மாட்டேன்.) நிஜமாக அடி வாங்கியது நடுவில் இருக்கும் நொய்யல் விவசாயி. 1992ல் அவருக்காகத்தான் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். சில வருஷத்திலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. திறந்தால் கீழே வயல் பாழ், மூடினால் சுற்றிலும் கிணறு பாழ். "எங்கள் அணையில் தண்ணீர் தேக்காதீர்கள்" என்று விவசாயியே கெஞ்சியிருக்கிறார் சார்! மேட்டூரில் எத்தனை அடி என்று தினமும் பேப்பர் பார்க்கும் டெல்டாக்காரனுக்கு இது ஜீரணமாகுமா?

கெடுதல் கலரில் மட்டும் இல்லை, உப்பில் இருக்கிறது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பைக் கொட்டியாக வேண்டும். சாயம் துணியோடு போகும். உப்பு முழுக்கத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

மாசு செய்தவனே காசு கொடுக்க வேண்டும் என்று 1996லேயே, வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2006 டிசம்பரில் சென்னை ஐகோர்ட், கழிவை வெளியே விடும் சாயப்பட்டறைகளுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் ஆரம்பித்து 10 பைசா வரை அபராதம் போட்டது. 2009ல் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்றது. 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு. பிறகு தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்துக் கை தூக்கிவிட்டது.

பட்டறைக்காரர் கட்டினார், அரசாங்கம் (அதாவது நாம்) கட்டியது, விவசாயி நிலத்தையே கொடுத்தார். அந்த டீ-ஷர்ட்டை வாங்கி விற்ற பிராண்டுக்காரர் எங்கே?

பட்டறைக்காரர் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. மழை நாள் பார்த்துத் திறந்துவிட்டவர்களை மன்னிக்கவே முடியாது. ஆனால் அவர் செய்வது ஜாப் ஒர்க். கிலோவுக்கு இத்தனை என்று கூலி. என்ன கலர், எத்தனை பீஸ், என்ன விலை எல்லாம் முடிவு செய்வது பையர்தான். "கட்டுப்படியாகலையா? பங்களாதேஷில் வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லத் தெரிந்தவரும் அவரேதான். அவர் ஊர்க் கடையில் பச்சை இலை படம் போட்டு 'சுற்றுச்சூழல் நேசம்' வேறு!

ஆர்டர் ஷீட்டில் பட்டனுக்கு ஒரு ரேட், லேபிளுக்கு ஒரு ரேட், பாலிதீன் கவருக்கு ஒரு ரேட் உண்டு. சுத்திகரிப்புக்கும் தனியாக ஒரு ரேட் போடட்டும். பேரம் பேசிக் குறைக்க முடியாத ரேட். பெரிய ஊர்களில் ஒரு காபி விற்கிற விலைக்குள் அடங்கிவிடும்.

இப்போது தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துகிறார்கள், சந்தோஷம். ஆனால் அதைக் காய்ச்சி எடுத்த பின் மிஞ்சும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் திருப்பூரிலேயே தங்குகிறது. டீ-ஷர்ட் போகிற அதே கப்பலில் அந்த மூட்டைகளையும் பையர் பெயருக்கே அனுப்ப வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.