களஞ்சியத்தின் திறப்பு யார் கையில்?

கிறிஸ்தவ மறை பணத்தைப் பழிக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழையான எண்ணமாகும். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்திலே பவுல் தீமைகளுக்கு வேரெனக் காட்டுவது பணத்தையன்று. பணத்தின் மேல் வைக்கும் ஆசையையே. பொருளை உடைமையாகக் கொள்வது குற்றமாகாது. மனிதன் பொருளுக்கு உடைமையாகிவிடுவதே கேடு.

லூக்கா சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்திலே இயேசு சொன்ன உவமையைக் கல்முனை விவசாயிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. செல்வன் ஒருவனின் நிலம் நன்றாக விளைந்தது. பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியவற்றைக் கட்டி, நெடுநாள் சுகித்திருக்க அவன் எண்ணினான். அன்றிரவே அவன் உயிர் பிரிந்தது. அவன் திருடியதாகக் கதையில் இல்லை. தன் விளைச்சலைப் பற்றிச் சிந்தித்த வேளையிலே அயலவனின் பசி அவன் நினைவுக்கு வரவேயில்லை. அவன் மீதுள்ள குற்றச்சாட்டு அதுவே.

இவ்வுவமை நமது கரையோரத்திலும் நடக்கிறது. சம்மாந்துறை, நிந்தவூர், காரைதீவு வயல்களிலே பெரும்போக அறுவடை ஒரே காலத்தில் முடிகிறது. உரக் கடனும் வெட்டுக் கூலியும் வாசலில் நிற்கின்றன. உலர்த்தக் களமில்லாத விவசாயி ஈரநெல்லை வயலோரத்திலேயே கேட்ட விலைக்குக் கொடுக்கிறான். சில மாதங்களின் பின் கடையிலே அரிசியை உயர்ந்த விலைக்கு வாங்குகிறான். இடையிலுள்ள இலாபம் களஞ்சியம் உடையவனைச் சேருகிறது.

இதற்குச் சட்டம் இல்லையா? உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பதுக்கலைத் தடுக்கிறது. நெல் சந்தைப்படுத்தும் சபையோ 1971ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் அமைக்கப்பட்டது. இருந்தும் 2021 செப்டெம்பரில் நடந்ததென்ன? அரிசிக்கு உச்ச விலை விதித்த அரசு, அம்மாதம் முடியுமுன்னரே அதை நீக்கிற்று. பெரிய ஆலையாளர்கள் தாமே புதிய விலையை அறிவித்தனர். பண ஆசையின் முன் சட்டம் மட்டும் நின்றால் இதுவே கதி.

அப்படியாயின் நெல்லைச் சேமித்தலே பாவமா? அன்று. வேதாகமத்தின் யோசேப்பை, திருக்குர்ஆனின் யூசுப் நபியை, இரு சமயத்தாரும் அறிவர். செழிப்பான ஏழு ஆண்டுகளில் அவர் தானியம் சேர்த்தது பஞ்ச காலத்து மக்களுக்காக. அவரும் சேமித்தார், உவமையின் செல்வனும் சேமித்தான். நோக்கமே வேறு. ஆனால் ஆதியாகமத்தின் 47ஆம் அதிகாரத்தையும் நாம் மறக்கலாகாது. அக்களஞ்சியத்தின் திறப்பு பார்வோனிடம் இருந்தமையால், பசித்த மக்கள் முதலிற் பணத்தையும், பின் கால்நடையையும், ஈற்றில் நிலத்தையும் கொடுத்தே தானியம் பெற்றனர். திறப்பு முதலாளியிடம் மட்டுமன்றி, அரசிடம் மட்டும் இருப்பதும் ஆபத்தே.

ஆகவே திறப்பு விளைவிப்போர் கையிலே இருத்தல் வேண்டும். வட்டைதோறும் கூட்டுறவுக் களஞ்சியமும் உலர்த்து களமும் அமைய வேண்டும். வைத்த நெல்லின் பெறுமதியில் ஒரு பகுதி விவசாயிக்கு உடனே முற்பணமாகக் கிடைக்க வேண்டும். அம்முதலை யார் இடுவது? சட்டத்தரணிகளே, வைத்தியர்களே, ஆசிரியர்களே! வட்டிக்கு விடும் பணத்திலும், கடன்பட்டவனின் வயலை வாங்க ஒதுக்கிய பணத்திலும் ஒரு பங்கை இங்கே இடுங்கள். தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே விதைக்கும் இம்மண்ணிலே, களஞ்சியமும் பொதுவாக இருக்கட்டும். அடுத்த அறுவடைக்கு முன் முதற் கல்லை நாட்டுவோம்!